ஹோமா, புரோவா? விண்டோஸ் பதிப்புக் கோளாறுகளும் கைவைத்தியமும்

"விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்து கொடுங்கள்" என்று மடிக்கணினியை மேசைமேல் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த விண்டோஸ் என்பதுதான். "பதினொன்று" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தெருப் பெயரைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது அது. விண்டோஸ் 11-க்குள்ளேயே ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் என்று பல பதிப்புகள் இருக்கின்றன. கோளாறு என்று என்னிடம் வருபவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால், கேட்கும் வசதி அந்தப் பதிப்பில் இருக்காது. இல்லையென்றால், உரிமம் ஒரு பதிப்புக்கும் ஏறியிருப்பது வேறொரு பதிப்பாகவும் இருக்கும். ஃபார்மட் செய்தால் இரண்டும் தீராது. தவறான பதிப்பையே மறுபடி ஏற்றிவிட்டு, படங்களையும் இழந்து நிற்பீர்கள்.

ஆகவே கை வைப்பதற்கு முன் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய்க் கடைசிவரை இறங்குங்கள். "எடிஷன்" என்ற வரியில் இருப்பது பதிப்பு. "வெர்ஷன்" என்ற வரியில் 24எச்2, 25எச்2 என்று இருப்பது வெளியீடு. ஆண்டுக்கொரு முறை இலவசமாக மாறுவது. இவை இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். சற்று மேலே "சிஸ்டம் டைப்" என்ற வரியில் 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

கடையில் புரோ போட்டுக் கொடுத்தார்கள். சில மாதத்தில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று மூலையில் எழுத்து வந்துவிட்டது

என்னிடம் அடிக்கடி வருவது இதுதான். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டெர்மினலை அட்மின் உரிமையோடு திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற 5 எழுத்துகளையும் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு. அதை ஒட்டி டி, எல், ஐ. என்டர் தட்டிச் சில நொடிகள் பொறுத்தால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் "டிஸ்கிரிப்ஷன்" வரியின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். "ஓஇஎம்" என்று இருந்தால் கணினியோடு வந்த உரிமம். "ரீடெய்ல்" என்றால் தனியாக வாங்கியது, அல்லது இணையத்தில் பதிவான டிஜிட்டல் உரிமம். "வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்" என்று இருந்தால்தான் விஷயம்.

கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய ஏற்பாடு. அங்கே ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கணினிகளாவது அதனிடம் வந்து பதிவு செய்தால்தான் அது விண்டோஸுக்கு உரிமம் வழங்கத் தொடங்கும். ஒருமுறை பெற்ற உரிமம் 180 நாள் செல்லும். அதற்குள் கணினி மீண்டும் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் அலுவலக வலைப்பின்னலில் இணைத்தாலே சரியாகிவிடும். சொந்தக் காசில் வாங்கிய கணினியில் இப்படி இருந்தால், யாரோ போலி சர்வரைக் காட்டி ஏமாற்றும் ஒரு நிரலை அதில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட நிரல்கள் வேலை செய்வதற்கு விண்டோஸ் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். வாசல் காவலாளிக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வருபவர் வேறு என்னென்ன எடுத்துப்போகிறார் என்பது நமக்குத் தெரியாது.

வைத்தியம் பலர் நினைப்பதைவிட எளிது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் உரிம எண்ணான புராடக்ட் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. வன்தட்டை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. என் அண்ணன் மகளின் கணினியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இப்படித்தான் திருட்டு புரோவை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். கோப்புகளை வெளி வன்தட்டில் நகல் எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, பழைய பகுதிகளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். எந்தக் கீயும் கேட்கவில்லை. எந்தப் பதிப்பு என்றும் கேட்கவில்லை. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் தானாக ஏறியது. வைஃபை இணைத்ததும், ஆக்டிவேஷன் பக்கத்தில் "ஆக்டிவ்" என்று வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய உரிமம் மதர்போர்டில் சும்மா இருக்க, அதன்மேல் திருட்டுச் சரக்கை ஏற்றி அதற்குத் தனியாகக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

விண்டோஸ் இல்லாமல், டாஸ் என்ற பழைய வகை இயங்குதளம் மட்டும் போட்டு விலை குறைத்து விற்கப்படும் மடிக்கணினிகளில் இந்தக் கீ இருக்காது. அவற்றுக்கு உரிமம் வாங்கத்தான் வேண்டும்.

புரோவுக்குப் பணம் கட்டினேன். புதிதாக ஏற்றினால் ஹோம்தான் ஏறுகிறது

மேலே சொன்ன அதே காரணம்தான், இந்தமுறை எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. நிறுவும் நிரல் மதர்போர்டில் இருக்கும் ஹோம் கீயைப் படித்துவிட்டு உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கிறது. சண்டை போட வேண்டாம், ஹோம் ஏறட்டும். பிறகு செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் "சேஞ்ச் புராடக்ட் கீ" என்பதில் புரோவின் 25 எழுத்துக் கீயைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி புரோவாகிவிடும். கோப்புகளும் நிரல்களும் அப்படியே இருக்கும். ஹோமிலிருந்து புரோவுக்கு மாற ஃபார்மட் தேவையே இல்லை.

கீ கொடுத்ததும் பிழை எண் எஃப்050 என்று முடிந்தால், தட்டச்சில் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரி என்றால் வேறு பதிப்பின் கீயைக் கொடுத்திருக்கிறீர்கள். சி003 என்று முடிந்தால் அந்தக் கீ முடக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குப் புரோ வாங்கியவர்களுக்கு இந்த இரண்டாவது எண் வந்தால் வியப்படைய வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் மொத்தக் கீயைச் சில்லறையாக விற்றிருப்பார்கள். ஒரு நாள் முடக்கப்படும். விற்றவர் அதற்குள் கடையைக் கட்டியிருப்பார்.

புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்குவதற்குக் கீ மாற்றும் வழி கிடையாது. புதிதாக ஏற்றுவது ஒன்றுதான்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியவில்லை

ஹோம் பதிப்பிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையலாம்; ஹோம் பதிப்புக்குள் யாரும் நுழைய முடியாது. ரௌட்டரையும் ஃபயர்வாலையும் நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். இதற்காகவே புரோ வாங்கவும் வேண்டாம்; குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம், வீட்டு வேலைக்குப் போதும்.

அலுவலகத்தில் "டொமைனில் சேர்", அதாவது அலுவலகம் மொத்தமாக நிர்வகிக்கும் கணினிகளோடு சேர் என்கிறார்கள், அந்தப் பொத்தானே இல்லை என்றால் புரோ தேவை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, சந்தேகமான நிரலைத் தனியே ஓட்டிப் பார்க்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், விண்டோஸின் நுணுக்கமான அமைப்புகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டர் ஆகியவையும் அப்படியே. இதில் கடைசியாகச் சொன்னதை ஹோமில் வரவழைக்கிறோம் என்று இணையத்தில் சிறு கோப்புகள் உலவுகின்றன. ஜன்னல் என்னவோ திறக்கும்; அதில் நீங்கள் செய்யும் மாற்றங்களில் பலவற்றை ஹோம் கண்டுகொள்ளாது.

"ஹோம் மெதுவாக இருக்கிறது, புரோ போட்டால் வேகம் கூடுமா?" என்றும் கேட்கிறார்கள். கூடாது. உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றுதான். அந்தப் பணத்தில் பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். நினைவகத்துக்காகவும் மாற வேண்டாம்: விண்டோஸ் 11 ஹோமே 128 ஜிபி வரை ஏற்கும்.

புதுக் கணினி, எந்த நிரலையும் நிறுவ விடவில்லை, ஸ்டோருக்குப் போ என்கிறது

இது எஸ் மோட். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே நிறுவ விடும் பூட்டு. ஆக்டிவேஷன் பக்கத்தில் "ஸ்விட்ச் டு விண்டோஸ் ஹோம்" என்ற பகுதியிலிருந்து ஸ்டோருக்குப் போய் "கெட்" என்பதை அழுத்தினால் விலகலாம். காசு கிடையாது. ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. இதை நீக்கித் தர யாராவது கூலி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

திரையைத் தமிழுக்கு மாற்றப் பார்த்தால், ஒரே ஒரு மொழிக்குத்தான் அனுமதி என்கிறது

எடிஷன் வரியில் "சிங்கிள் லாங்குவேஜ்" என்று இருக்கும். இந்தியாவில் விற்கப்படும் பல மடிக்கணினிகளில் இதுதான் வருகிறது. பெட்டியின் மேல் யாரும் அதைப் படிப்பதில்லை. புரோவுக்கு மாறினால் அந்தத் தடை போய்விடும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது தமிழில் தட்டச்சு செய்வது மட்டும் என்றால், எதையும் வாங்க வேண்டாம். ஒரு மொழி என்ற கட்டுப்பாடு திரையில் தெரியும் மெனுக்களுக்குத்தான்; விசைப்பலகைக்கு இல்லை. டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்க்கும்போது, அதைத் திரைமொழியாக்கும் கட்டத்தில் மட்டும் டிக் வைக்காதீர்கள். பிறகு தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி விசைப்பலகையைச் சேருங்கள்: தமிழ்99 இருக்கிறது, அஞ்சல் இருக்கிறது, ஒலிப்பு முறையும் இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. ஹோமில் பிட்லாக்கர் கிடையாது என்றார்களே?

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். ஃபார்மட் என்ற சொல்லை வாயில் கூட எடுக்க வேண்டாம்.

வன்தட்டைப் பூட்டி வைக்கும் வசதியான பிட்லாக்கர் முழுமையாகப் புரோவில்தான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஹோமில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் அதன் சுருக்கம் இருக்கிறது. 24எச்2 வெளியீட்டைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஒத்துழைக்கும் கணினிகளில் அது தானாகவே வன்தட்டைப் பூட்டிவிடும். நீங்கள் பூட்டவில்லை, பூட்டியதாக யாரும் சொல்லவும் இல்லை. பிறகு ஒரு நாள், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்குப் புதுப்பிப்பு நடக்கிறது, அல்லது மதர்போர்டு மாறுகிறது. உடனே கணினிக்குச் சந்தேகம் வந்து சாவி கேட்கிறது.

சாவி 8 தொகுதிகளாக, தொகுதிக்கு 6 இலக்கமாக இருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கின் தளத்தில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைத் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத்திரையில் தெரியும் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதை எடுங்கள். ஒன்றுமே இல்லையா? கணினியை முதன்முதலில் இயக்கி அமைத்தது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் மகனுடைய கணக்கிலோ, வாங்கிய அன்று உதவிக்கு வந்த உறவினர் கணக்கிலோ சாவி தூங்கிக்கொண்டிருக்கும். ஓர் அம்மாவின் 4 ஆண்டுப் படங்கள், திருமணமாகிப் போன மகளின் கல்லூரிக்கால மின்னஞ்சல் கணக்கிலிருந்து மீண்டன. மகள் கடவுச்சொல்லை நினைவுகூர எடுத்துக்கொண்ட அரை மணி நேரம்தான் நீண்ட வேலை.

எங்குமே சாவி கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பவை போனவைதான். உடைத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். இன்று உங்கள் கணினி நன்றாக இருக்கும்போதே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் சாவியைத் தாளில் அச்சிட்டு ரேஷன் அட்டை இருக்கும் இடத்தில் வையுங்கள்.

வீடியோ ஓடவில்லை, கேமரா நிரல் திறக்கவில்லை, எடிஷன் வரியில் "என்" என்று ஓர் எழுத்து

ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் கொடுத்தனுப்பிய கணினியா? மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டாயமாகச் சேர்த்து விற்கிறது என்று 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதன் வாரிசுதான் இந்த "என்" பதிப்பு. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இலவசம்.

"உங்கள் விண்டோஸின் காலம் முடிந்தது" என்ற அறிவிப்பு

விண்டோஸ் 11-இல் இது வந்தால் முடிந்தது பதிப்பல்ல, வெளியீடு. ஹோமுக்கும் புரோவுக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 24 மாதம், என்டர்பிரைஸுக்கும் எஜுகேஷனுக்கும் 36 மாதம் என்று கணக்கு. 23எச்2-க்கு வீட்டுப் பதிப்புகளில் 2025 நவம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் அப்டேட்டில் அடுத்ததை ஏற்றுங்கள். ஒரு பைசா வேண்டாம்.

விண்டோஸ் 10 என்றால் நிஜமாகவே முடிந்துவிட்டது: 2025 அக்டோபர் 14. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான். 11-க்குப் போகப் பார்த்து, கணினி தகுதியற்றது என்று வந்தால் பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டுங்கள். எது குறை என்று சொல்லிவிடும். டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பயாஸில் அது அணைந்து கிடக்கலாம்; இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். பிராசசர் பழையது என்றால் மட்டுமே வழி அடைபடுகிறது.

இந்த இடத்தில்தான் "எல்டிஎஸ்சி போட்டுக்கொள், 2032 வரை கவலையில்லை" என்று யாராவது ஓதுவார்கள். எல்டிஎஸ்சி என்பது விண்டோஸ் 10-இன் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. 2032 ஜனவரி வரை ஆதரவு உள்ளது ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற ஒன்றுக்கு. மருத்துவக் கருவி, ஏடிஎம் போன்றவற்றுக்கான பதிப்பு அது. சாதாரண எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரியோடு சரி. இரண்டையும் தனி மனிதர் கடையில் வாங்க முடியாது. ஆகவே வீட்டுக் கணினியில் அதைப் பார்த்தால், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போங்கள்.

புது மடிக்கணினியில் பழைய பிரின்டர் டிரைவர் ஏறவில்லை

சிஸ்டம் டைப் வரியில் "ஆர்ம்" என்று இருக்கிறதா? ஸ்னாப்டிராகன் சிப் உள்ள கணினி அது. சாதாரண நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். வரிக்கணக்குத் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர்கள், இந்த வகைக் கணினியை வாங்குவதற்கு முன் டோக்கன் விற்றவரிடம் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வாங்கிய பின் எந்தப் பதிப்புக்கு மாறினாலும் இது தீராது.

8 ஜிபி நினைவகம் போட்டேன், 3.4 ஜிபிதான் பயன்படும் என்கிறது

சிஸ்டம் டைப் வரியில் "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்" என்று இருந்தால், நோய் அந்த ஒரு வரியிலேயே எழுதியிருக்கிறது. பிராசசர் பெரியது, அதன்மேல் ஏறியிருக்கும் விண்டோஸ் சிறியது. 32 பிட் விண்டோஸ் 10 மொத்தம் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதிலும் கிராஃபிக்ஸ் போன்ற வன்பொருள்களுக்கு ஒரு பங்கு போய்விடும். இருப்பதன்மேலேயே 64 பிட்டை ஏற்றி மாற்ற முடியாது. நகல் எடுத்துவிட்டு 64 பிட்டைப் புதிதாக ஏற்ற வேண்டும். பதிப்பு மாறாதவரை பழைய உரிமமே செல்லும். 8-க்கு 7.4 என்று காட்டினால் மட்டும் விட்டுவிடுங்கள், அது இயல்பு.

மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்தக் கணினியில் டாஸ் காலத்து நிரல் ஏதாவது ஓடுகிறதா? ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் புதுக் கணினி வாங்கி, 1990-களில் யாரோ ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில் போடும் நிரலை அதில் வைத்துச் சொடுக்கினார். "இந்த நிரல் இந்தக் கணினியில் ஓடாது" என்று பெட்டி வந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று யாரோ சொல்லி, அவர் இரண்டு நாள் தூங்கவில்லை. கோப்பு நன்றாகவே இருந்தது. டாஸ், 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதி 64 பிட் விண்டோஸில் கிடையாது. 32 பிட்டில்தான் இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே இல்லாததால் பதிப்பு மாற்றியும் பயனில்லை.

டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச நிரலுக்குள் அவருடைய ஃபோல்டரின் நகலை வைத்து ஓட்டினோம். பெயர் ஒன்றுபோல இருக்கும் பழைய டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, அச்சிடும் வசதி அதில் இல்லை. எக்ஸ் என்று முடிவது அச்சிடும். பில் போடுபவருக்கு அந்த ஓர் எழுத்துதான் முக்கியம். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியை விண்டோஸில் நிறுவி அதன் வழியாக அனுப்பினோம்.

கணக்கர் அப்போதும் நம்பவில்லை. பழைய கணினியை இணைய கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓரமாக வைத்துக்கொண்டு, ஒரு மாத விற்பனையை இரண்டிலும் ஏற்றினார். இரண்டு அச்சுத்தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பைசாவரை பொருந்துகிறதா என்று பார்த்தார். "சரியாகத்தான் இருக்கிறது தம்பி" என்றார். பழைய கணினியை இன்னும் எடைக்குப் போடவில்லை.